நிறுத்திய மாத்திரை

இங்கே நான் எழுதுவன யாவும் மூன்று சான்றுகளுள் ஒன்றோடேனும் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டவை. முதலாவது, கருவுற்ற பெண்களுக்கு அரசாங்கச் சுகாதார நிலையத்தில் கொடுக்கப்படும் இளஞ்சிவப்புப் புத்தகம். என் எடையும் இரத்த அழுத்தமும் குழந்தையின் வளர்ச்சியும் அதில் தாதியரின் கையெழுத்தில் உள்ளன. இரண்டாவது, மருத்துவமனையிலிருந்து வெளியேறிய நாளில் எனக்குத் தரப்பட்ட இரண்டு பக்கக் கடிதம். மூன்றாவது, என் கணவரின் மூத்த சகோதரி. நான் சுயநினைவின்றிக் கிடந்த வேளையில் நடந்தவற்றை அவர் வாயாலேயே கேட்டு எழுதினேன். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டியபோது, "நான் இப்படியா பேசுவேன்?" என்று அவர் முகஞ்சுளித்த இடங்களைத் திருத்தினேன். உடலியல் பற்றிய பத்திகளை என்னைக் கவனித்த மருத்துவர் படித்து இரண்டு சொற்களை மாற்றினார்.

இத்தனை கண்டிப்புக்குக் காரணம் உண்டு. எங்கள் தோட்டத்தில் இந்நிகழ்ச்சி பல வடிவங்களில் உலவுகிறது. ஒரு வடிவத்தில் நான் இறந்து பிழைத்திருக்கிறேன். மற்றொன்றில் யாரோ எனக்குச் செய்வினை வைத்திருக்கிறார்கள். இரண்டும் நடக்கவில்லை. நடந்தது என்னவென்றால், ஒரு பொருளைச் சரிபார்க்காமல் ஒன்றரை ஆண்டு நாள்தோறும் விழுங்கினேன். பிறகு, யாரையும் கேட்காமல் ஒரே நாளில் நிறுத்தினேன். எனவே இம்முறை சரிபார்த்துவிட்டே எழுதுகிறேன். பெயர்கள் எவருக்கும் பயன்படா என்பதால் அவற்றை விட்டுவிட்டேன்.

கோலசிலாங்கூரிலிருந்து பெஸ்தாரி ஜெயா வழியாக ரவாங்குக்குச் செல்லும் சாலையை ஒட்டிய செம்பனைத் தோட்டம் ஒன்றில் நாங்கள் குடியிருக்கிறோம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியை. கணவர் செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லோரியை ஓட்டுகிறார். வீடுகள் கல்வீடுகளாகி நெடுங்காலம் ஆகியும் அவ்வரிசைக்கு லயம் என்ற பெயரே நிலைத்துவிட்டது. எங்களுக்கு அடுத்த வீடு கணவரின் அக்காளுடையது. நான் அவரை அண்ணி என்பேன். அவர் என்னை 'டீச்சர்' என்று விளித்து 'நீ' என்று பேசுவார். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையை நடத்துபவர் அவர்தாம். ரொட்டித் தட்டுகளையும் சோற்றுப் பானையையும் சுமந்து செல்லும் பழைய வேன் ஒன்று அவரிடம் உண்டு.

மாத்திரை எனக்கு அறிமுகமானது அச்சிற்றுண்டிச்சாலையில்தான். ஒருநாள் ஓய்வு நேரத்தில் நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்ததை அண்ணி பார்த்துவிட்டார்.

"டீச்சர், நீ எந்திரிச்சு நிக்கறதுக்குள்ள அடுத்த பாடம் முடிஞ்சிரும் போல."

"முட்டி வலிக்குது அண்ணி."

"முப்பத்தி மூணு வயசுல என்ன லா முட்டி வலி? எனக்கு அம்பத்தி ரெண்டு. இங்க பாரு." சோற்றுப் பானையைத் தூக்கியபடியே குந்தி எழுந்து காட்டினார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு வெள்ளை நெகிழிப் புட்டியை எடுத்தார். "ரவாங் சந்தைல ஒரு பொம்பள விக்கிது. எல்லாம் வேரும் பட்டையும்தான். இங்கிலீஷ் மருந்து ஒரு சொட்டு கெடையாது. காலைல ஒன்னு, மத்தியானம் ஒன்னு."

புட்டியின் மேல் ஏதோ கிழங்கின் படமும், ஓடும் மனிதன் ஒருவனின் படமும் இருந்தன. செய்தவர் முகவரி இல்லை. மருந்துகளில் இருக்க வேண்டிய அரசாங்கப் பதிவு எண்ணும் இல்லை. போலியைத் தடுக்க ஒட்டும் மினுங்கும் சிறு முத்திரையும் இல்லை. மாணவர் ஏட்டில் ஒற்றெழுத்தின் மேல் புள்ளி விடுபட்டிருந்தால் எனக்குத் தொலைவிலேயே தெரியும். அப்புட்டியில் விடுபட்டவை எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் வலி நின்றது. வேருக்கும் பட்டைக்கும் அவ்வளவு விரைவு எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

பழுப்பு நிறமான, உருண்டையான மாத்திரை அது. நாளுக்கு இரண்டாக ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு உண்டேன். அக்காலத்தில் என் எடை ஒன்பது கிலோ கூடியது. கன்னங்கள் உப்பி முகம் வட்டமானது. மேசை முனையில் மெல்ல இடித்தாலும் கையில் நீலம் பாய்ந்தது. பள்ளியில் எல்லாரும் அதை நலத்தின் அடையாளமாகவே கொண்டனர். "கல்யாணமாகி ஆறு வருசம் கழிச்சு இப்பதான் டீச்சருக்கு எங்க வீட்டுச் சோறு ஒட்டுது" என்று அண்ணி பெருமைப்பட்டார்.

ஆறு ஆண்டு என்பதை எல்லாரும் எண்ணிக்கொண்டுதான் இருந்தனர், நாங்கள் உட்பட. ஆகையால் கருவுற்றதை அறிந்த காலையில் இரண்டாவது சோதனைக் கீற்றையும் பயன்படுத்திப் பார்த்த பின்னரே கணவரிடம் சொன்னேன். அவர் லோரிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்தபடியாக அண்ணிக்கு மட்டும் சொன்னோம். மூன்று மாதம் முடியும்வரை வேறு எவருக்கும் சொல்லக் கூடாது என்பது எங்கள் குடும்பங்களில் வழக்கம். இன்னொரு வழக்கமும் உண்டு. அதை அண்ணி அன்றே எடுத்துரைத்தார்.

"வயித்துல புள்ள நிக்கறப்ப ஒரு தலைவலி மாத்திரகூடத் தொடக்கூடாது. முட்டி வலி மாத்திரையும் இன்னையோட சரி."

"அது வேருதானே அண்ணி?"

"வேருதான். இருந்தாலும் வேணாம். முட்டி வலிச்சா வலிக்கட்டும், நான் எண்ண தேய்ச்சு விடறேன்."

அன்பினால் சொன்ன அறிவுரை அது. நானும் அதையே நினைத்திருந்தேன். புட்டியை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணும் புத்தகத்தின் கணக்குப்படி அப்போது ஆறு வாரம்.

நிறுத்திய நான்காம் நாள் முதல் எனக்கு உடம்பு முடியவில்லை. வாந்தி, தலைசுற்றல், எழுந்து நின்றால் கண் இருளுதல், கைகால் முழுதும் ஒரு சோர்வு. இவை யாவும் மசக்கையின் குறிகள். ஆதலால் எவருக்கும் ஐயம் எழவில்லை, எனக்கும் எழவில்லை. "நல்லா வாந்தி எடுத்தா புள்ள கெட்டியா நிக்குதுன்னு அர்த்தம் லா" என்று அண்ணி என் முதுகைத் தடவிக்கொடுத்தார். உப்பில் ஊறிய, புளிப்பான ஆசாம் பழம் மட்டும் வாய்க்குப் பிடித்தது. வகுப்பறை மேசையின் இழுப்பறையில் ஒரு பொட்டலம் எப்போதும் இருந்தது.

எட்டாம் வாரத்தில் பெயர் பதியச் சுகாதார நிலையத்துக்குச் சென்றோம். அண்ணி உடன் வந்தார். பதிவு செய்த தாதி தமிழ்ப் பெண். பழைய நோய்களையும் ஒவ்வாமைகளையும் கேட்டு முடித்துவிட்டு, "ஜாமு, நாட்டு மருந்து, சந்தைல வாங்குன மாத்திரை, எதாச்சும் சாப்புடறீங்களா, இல்ல முன்ன சாப்டீங்களா?" என்றார்.

கேள்வி தெளிவானது. எனக்கு அது நன்றாக விளங்கியது. பக்கத்து நாற்காலியில் அண்ணி இருந்தார்; அவர் மடியில் கைப்பை இருந்தது; அதற்குள் புட்டி இருந்தது. அவர் அம்மாத்திரையை லயத்தில் பலருக்கும் வாங்கி வந்து கொடுப்பவர். தாதியின் முன்னிலையில் அவரைத் தலைகுனிய வைக்க நான் விரும்பவில்லை.

"இல்ல மிஸ்ஸி" என்றேன்.

தாதி அக்கேள்விக்குரிய கட்டத்தில் குறுக்குக்கோடு போட்டார். அக்கோடு இன்றும் என் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. புத்தக அட்டையில் பச்சை வில்லை ஒட்டப்பட்டது. பெரிய ஆபத்து இல்லை, மருத்துவர் அவ்வப்போது பார்த்தால் போதும் என்பது அதன் பொருள்.

பன்னிரண்டாம் வாரத்தில் பள்ளியின் விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி நடந்தது. அதற்கு முந்தின நாள் எனக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கண்டிருந்தன. விடுப்பு எடுத்திருக்கலாம். மூன்று மாதம் முடிய ஒரு வாரமே இருக்கையில் விடுப்பெடுத்தால் காரணம் வெளிப்பட்டுவிடும் என்று எண்ணி எடுக்கவில்லை. காலை பத்து மணியளவில் திடலிலிருந்து சிற்றுண்டிச்சாலைக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். என் நினைவில் எஞ்சியிருப்பது அங்கிருந்த நீலக் குவளை ஒன்றுதான். அதற்குப் பின்வருபவை கடிதத்திலிருந்தும் அண்ணியிடமிருந்தும் பெற்றவை.

அண்ணி ரொட்டித் தட்டுகளை வெளியே இறக்கிவிட்டு மயங்கி விழுந்த என்னை வேனின் பின்புறத்தில் கிடத்திச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டு சென்றார். அங்கே இரத்த அழுத்தம் எழுபத்தெட்டுக்கு நாற்பது. இரத்தத்தில் சர்க்கரையும் மிகக் குறைந்திருந்தது. உடனே மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே உப்புநீரும் சர்க்கரைநீரும் ஏற்றியும் அழுத்தம் நிமிரவில்லை. கணவர் ஆலையில் இருந்தார். அவர் வந்து சேர நேரமாகும். விவரம் சொல்லத்தக்கவர் அண்ணி ஒருவரே.

என்னைப் பார்த்த மருத்துவர் கெர்லிங் ஊருக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். என் கைகளிலிருந்த நீலத் தடங்களைப் பார்த்தார். ஆடையை விலக்கி வயிற்றைப் பார்த்தார். பன்னிரண்டு வாரத்தில் வயிறு இன்னும் மேடிடவில்லை. ஆனால் அதில் ஊதா நிற வரிகள் இருந்தன. விரியாத வயிற்றில் வரி எப்படி வந்தது என்பதே தம்மை நிறுத்தியது என்று பின்னாளில் சொன்னார்.

"இவங்க மாத்திரை, ஜாமு எதாச்சும் சாப்டாங்களா அக்கா?"

"இல்ல டாக்டர். ஒன்னும் இல்ல. நானே எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லிட்டேன்."

"எல்லாத்தையும்னா எத?"

அண்ணி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மருத்துவர் என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார்.

"நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

"நாத்தனாரு."

"அப்ப ரத்த சொந்தம் இல்ல. ஆனா ரெண்டு மூஞ்சியும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கே, எப்படிக்கா?"

அண்ணி இதைச் சொல்லும்போதெல்லாம் தம் கன்னத்தைத் தொட்டுக் காட்டுவார். அதுவரை அவர் தம் முகத்தையும் என் முகத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை. சோறு ஒட்டியதாக நினைத்தது இருவர் முகத்திலும் ஒரே மாதிரி ஒட்டியிருந்தது. "என்னைப் புடிச்சு உள்ள வச்சிருவாங்கன்னு பயந்தேன் டீச்சர். பொய் சொல்ல மாட்டேன். ஒரு நிமிசம் பயந்துகிட்டுத்தான் நின்னேன்" என்பார். 'ஒரு நிமிசம்' என்பதை நீக்கிவிடவா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார்.

பிறகு கைப்பையைத் திறந்து புட்டியை எடுத்து மருத்துவரின் கையில் வைத்தார். "ஒன்றர வருசம் சாப்டுச்சு. ரெண்டு ரெண்டா. ஆறு வாரமா சாப்புடல. நான்தான் வேணாம்னு சொன்னேன்."

"புள்ளைய நெனச்சுச் சொன்னீங்க" என்றாராம் மருத்துவர். "யாரையும் ஏசறதுக்கு இப்ப நேரமில்ல."

சோதனைக்கு இரத்தம் எடுத்துக்கொண்டு, முடிவுக்குக் காத்திராமல், இரத்தநாளத்தின் வழியே ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டார்கள். இரத்த அழுத்தம் எப்போது எவ்வளவு நிமிர்ந்தது என்பது கடிதத்தில் நிரலாக உள்ளது. மாலையில் நான் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தேன். கஞ்சி கொடுத்தவர் கணவர். அவர் கேட்கத் துணியாததை நானே தாதியிடம் கேட்டேன். வயிற்றின்மேல் கருவியை வைத்துத் திரையைத் திருப்பிக் காட்டினார்கள். குழந்தையின் இதயம் துடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை மருத்துவர் கட்டில் ஓரத்தில் நின்று விளக்கினார். அண்ணியும் இருந்தார்.

"எங்கப்பா தோட்டத்துல ஆளுங்கள மேய்க்கிற மண்டோரா இருந்தவரு. காலைல பெரட்டுக்கு இருபது ஆளு வருவாங்க, பேரு கூப்புட்டு வேலைக்கு அனுப்புவாரு. ஒருநாள் கன்ட்ராக்டர் லோரில நாப்பது ஆள எறக்கறான்னு வச்சுக்குங்க. மண்டோரு என்ன செய்வாரு? நம்ம ஆளுங்கள வீட்டுக்குப் போங்கன்னுருவாரு. ஒன்றர வருசம் கூப்புடலன்னா அவங்க படுத்துப் பழகிருவாங்க. அப்பறம் ஒருநாள் கன்ட்ராக்டர் லோரி வரல."

"பெரட்டுல ஆளே இல்ல" என்றார் அண்ணி.

"ஆளே இல்ல. அந்த நாள் பாத்துக் காச்சல் வருது. வயித்துல புள்ள வேற, கூட ஆள் கேக்குது."

இதையே நூல்நடையில் எழுதினால் பின்வருமாறு அமையும். சிறுநீரகங்களின் மேல் ஒட்டியிருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசோல் என்னும் இயக்குநீரைச் சுரக்கின்றன. ஹார்மோன் என்று எல்லாரும் சொல்வது இயக்குநீரைத்தான். அது குருதியில் எங்கும் ஓடினாலும், தன்னை ஏற்றுக்கொள்ளும் புரதம் உள்ள உயிரணுக்களில் மட்டுமே வேலை செய்யும். அப்புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். கார்ட்டிசோலுக்குரிய ஏற்பி உடலில் ஏறத்தாழ எல்லா இடங்களிலும் உண்டு. மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரியிலும் உண்டு. அங்குள்ள ஏற்பிகள் நிரம்பிவிட்டால், அட்ரினலுக்குச் செல்லும் ஆணை குறைகிறது. அம்மாத்திரையில் கலந்திருப்பதாக மருத்துவர் ஐயுற்ற செயற்கை ஸ்டீராய்டு மருந்தும் அதே ஏற்பியில், இயற்கைச் சுரப்பைக் காட்டிலும் வலுவாக, அமர்கிறது. பிட்யூட்டரி அவ்விரண்டையும் வேறுபடுத்துவதில்லை. ஆணை நெடுநாள் வராவிட்டால் அட்ரினல் சுருங்கி உறங்கிவிடுகிறது. மருந்தைத் திடீரென நிறுத்தினால் அது உடனே விழிப்பதில்லை. கர்ப்பத்திலோ உடலின் கார்ட்டிசோல் அளவு இயல்பாகவே மிகுந்தாக வேண்டும். வாரம் ஏற ஏற அதுவும் ஏறும். நான் மருந்தை நிறுத்தியது அந்த ஏற்றம் தொடங்கும் பருவத்தில்.

ஆசாம் பழத்தைப் பற்றியும் கேட்டேன். உடலில் உப்பைக் காக்கும் இயக்குநீர் வேறு. அதற்கு ஆல்டோஸ்டிரோன் என்று பெயர். அதையும் அட்ரினலே சுரக்கிறது. ஆனால் பெரும்பாலும் சிறுநீரகத்தின் ஆணைப்படி. ஆகவே என் நிலையில் அது கெட்டிருக்க வாய்ப்பில்லை என்றார் மருத்துவர். கர்ப்பத்தில் மட்டும் அதற்கு ஓர் இடையூறு நேர்கிறது. கருவைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் பெருகி, ஆல்டோஸ்டிரோனுக்குரிய ஏற்பிகளில் போய் அமர்ந்துகொள்கிறது.

"கிளினிக்ல தண்ணிப் போத்தல நாற்காலில வச்சு எடம் புடிப்பாங்கல்ல? போத்தலுக்கு நம்பர் கூப்புட மாட்டாங்க. ஆனா அங்க வேற ஆள் ஒக்கார முடியாது. அதனால ஆல்டோஸ்டிரோன் இன்னும் நெறைய ஆள அனுப்பி மிச்ச நாற்காலியப் புடிக்கணும்."

"அந்தப் போத்தல எடுத்துக் கீழ வச்சிட்டு ஒக்காந்தா தப்பா டாக்டர்?" என்று அண்ணி கேட்டார். அவர் அப்படிச் செய்பவர்தாம்.

"ஒடம்புக்குள்ள அதையும்தான் செய்யுதுக்கா" என்று மருத்துவர் சிரித்தார்.

சிரித்த பிறகு, "இந்த மாத்திரைய வேற யாரெல்லாம் சாப்புடறாங்க?" என்றார்.

அண்ணி விரல் மடக்கினார். அவர் வாங்கி வந்து கொடுத்த வீடுகள் ஒன்பது. அவரும் நாள்தோறும் இரண்டு உண்கிறார். "நான் இன்னைக்கே போயி எல்லாத்தையும் சாக்கடைல கொட்டச் சொல்லிடறேன் டாக்டர். மொதல்ல என்னோடத."

"கொட்டச் சொல்லாதீங்க!" மருத்துவரின் குரல் உயர்ந்ததை நான் கேட்டது அந்த ஒருமுறைதான். "டீச்சருக்கு என்ன ஆச்சுன்னு இப்பதான சொன்னேன்? கொட்டினா ஒன்பது வீட்லயும் அதேதான். புட்டியோட கிளினிக்குக்கு வரச் சொல்லுங்க. சரியான மாத்திரையா மாத்திக் குடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக் கொறைப்பாங்க. நீங்களும்தான்."

ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தேன். எனக்கு முன்பே செய்தி வந்திருந்தது. மூன்று மாத மறைவும் அதோடு முடிந்தது. அதுவரை என் கட்டிலருகிலேயே இருந்த அண்ணி அன்று மாலையே புறப்பட்டார்; நானும் உடன் வருவேன் என்றேன். என்னைக் கண்ணால் பார்த்தாலன்றி எவரும் நம்பமாட்டார்கள் என்பது என் கணிப்பு. எட்டு வீடுகளில் ஏசல் கிடைத்தது; புட்டி வெளியே வந்தது. ஒன்பதாவது வீடு செம்பனைக்கு உரம் போடும் ஒரு பெண்ணுடையது. அவர் பாயில் படுத்திருந்தார்.

"மாத்திரை எங்க?" என்றார் அண்ணி.

"டீச்சர் கத கேட்டதுமே கொட்டிட்டேன். நாலு நாளாச்சு. நீதான குடுத்த? இப்ப வேணாம்னு சொல்லவும் நீயே வர்றியா?"

"ஆமா, நான்தான் குடுத்தேன். அதனாலதான் நானே வந்தேன். எந்திரி, வேன்ல ஏறு."

"எனக்கு ஒன்னுமில்ல. சோர்வா இருக்கு, அவ்ளோதான்."

"டீச்சரும் அப்படித்தான் சொல்லிச்சு" என்று அண்ணி என்னைச் சுட்டினார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மணிக்கட்டில் மருத்துவமனையில் கட்டிய நெகிழிப் பட்டை இன்னும் இருந்தது. அப்பெண் அதைப் பார்த்தார். பிறகு, "தலைய சீவிட்டு வரேன்" என்றார். நான் எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ள, அண்ணி அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்திருந்து அனுப்பினார்கள். சந்தையில் விற்ற பெண்ணைத் தேடி அண்ணி மறுவாரம் ரவாங்குக்குச் சென்றார். அவ்விடத்தில் ஒருவர் செருப்பு விற்றுக்கொண்டிருந்தார்.

புட்டியைச் சோதித்த முடிவு சில வாரங்களில் மருத்துவரிடம் வந்தது. மாத்திரையில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு இருந்தது. வேரோ பட்டையோ இருந்ததா என்று அத்தாள் குறிப்பிடவில்லை.

அதன்பின் ஆறு மாதமும் நான் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையை நாளுக்கு மூன்று வேளை உண்டேன். காய்ச்சல் வந்தால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். கடைசி மூன்று மாதத்தில் சற்றுக் கூட்ட வேண்டும். புத்தகத்தில் பச்சை வில்லைக்கு மேல், கூடுதல் ஆபத்தைக் குறிக்கும் மஞ்சள் வில்லை ஒட்டப்பட்டது. கர்ப்பிணி மாத்திரை விழுங்குவது லயத்துக்குப் பொறுக்கவில்லை. வளைகாப்பன்று ஒரு பெண்மணி எல்லார் முன்னிலையிலும், "புள்ளத்தாச்சி கடல மாதிரி மாத்திர முழுங்கறா, பெரியவங்க யாரும் கேக்க மாட்டீங்களா?" என்றார். வளையல் தட்டை ஏந்தி நின்ற அண்ணி, "கேட்டவதான் நான். நான் கேட்டுத்தான் போன தடவ டீச்சர் ஆஸ்பத்திரில கெடந்துச்சு. நீங்க போயி கேசரி சாப்புடுங்க" என்றார்.

அச்சம் எனக்கும் இல்லாமலில்லை. நான் உண்பது குழந்தைக்கும் போகாதா என்று மருத்துவரைக் கேட்டேன். நஞ்சுக்கொடியில் ஒரு நொதி இருக்கிறது. அது தாயின் கார்ட்டிசோலின் பெரும்பகுதியை, ஏற்பியில் அமர இயலாத வேறொரு பொருளாக மாற்றியே குழந்தையின் பக்கம் விடுகிறது. ஹைட்ரோகார்ட்டிசோனும் உடலின் கார்ட்டிசோலும் ஒன்றே ஆதலால் அதற்கும் அதே கதி. டெக்சாமெத்தசோனை அந்நொதியால் அவ்வாறு மாற்ற முடிவதில்லை. அது பெருமளவு கடந்து செல்லும். ஆகவே, எல்லாரும் கண்டு அஞ்சிய மாத்திரை குழந்தையை அவ்வளவாகச் சேரவில்லை. வேர் என்று நம்பி உண்டதே சேர்ந்திருக்கக்கூடியது. இவ்வாக்கியத்தை மருத்துவர் இருமுறை படித்து, 'சேர்ந்திருக்கக்கூடியது' என்ற சொல் அப்படியே இருக்கட்டும் என்றார்.

பேறுகாலத்தில் உறங்கும் அட்ரினலுக்கு ஈடாக ஊசி தேவை. மஞ்சள் வில்லைக்குக் கீழே மருத்துவர் அதைச் சிவப்பு மையில் எழுதியிருந்தார். மகப்பேற்றுக் கூடத்தின் வாயிலில் அண்ணி நின்று, உள்ளே போகிற வருகிற ஒவ்வொரு தாதியையும், "மிஸ்ஸி, ஸ்டீராய்டு ஊசி போட்டாச்சா?" என்று கேட்டாராம். நான்காவது தாதி, "போட்டாச்சு மா, நீங்க ஒக்காரலன்னா ஒங்களுக்கும் போட்டுருவோம்" என்று சொன்ன பிறகே உட்கார்ந்தார். முப்பத்தெட்டாம் வாரத்தில் பெண் குழந்தை. இரண்டு கிலோ எழுநூறு கிராம். அதன் இரத்தச் சர்க்கரையை மூன்று முறை பார்த்தார்கள். மூன்றும் சரியாக இருந்தன.

பெயர் பதிந்த நாளில் என்னைக் கேள்வி கேட்ட தாதியே குழந்தையின் முதல் தடுப்பூசியைப் போட்டார். அவரிடம் மூன்றாம் பக்கத்தைத் திறந்து காட்டி, "இந்தக் கோடு தப்பு மிஸ்ஸி. நான் பொய் சொன்னேன்" என்றேன். அவர் பக்கத்தைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். திருத்த முடியாது, கீழே குறிப்பு எழுதலாம் என்றார். நான் சொல்லச் சொல்ல எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிட்டார். அண்ணி கைப்பையை மடியில் வைத்தபடி பக்கத்து நாற்காலியில் இருந்தார். "என் பேரையும் எழுதிக்குங்க மிஸ்ஸி" என்றார். அதற்கு இடமில்லை என்றார் தாதி.

மகளுக்கு இப்போது பதினான்கு மாதம். நடக்கிறாள். அண்ணியின் மாத்திரை முற்றாக நின்றுவிட்டது, கன்னம் வற்றிவிட்டது, முட்டி வலி திரும்பிவிட்டது, எண்ணெய் தேய்க்கிறார். எனக்கு நாளுக்கு ஒரு வேளை மட்டும் மீந்திருக்கிறது. கடைசியாகப் பார்த்த காலை இரத்தச் சோதனையில் கார்ட்டிசோல் ஏறத் தொடங்கியிருக்கிறது. போதிய அளவை எட்டவில்லை.

தெரியாதவை இவை. ஒவ்வொரு மாத்திரையிலும் எவ்வளவு மருந்து இருந்தது, எல்லாவற்றிலும் ஒரே அளவு இருந்ததா என்பது தெரியாது. செய்தவர் யாரென்று தெரியாது. உப்புக் காக்கும் இயக்குநீர் கெடாதிருந்தும் எனக்கு உப்பின்மேல் ஏன் அவ்வளவு வேட்கை வந்தது என்பது தெரியாது. அது வெறும் மசக்கையாகவும் இருக்கலாம். என் சுரப்பிகள் முழுமையாக விழிக்குமா என்பது இன்னும் தெரியவில்லை. கருத்தரித்ததிலிருந்து நிறுத்தியது வரை ஏறத்தாழ நான்கு வாரத்தில் நான் உண்ட ஐம்பத்தாறு மாத்திரைகள் மகளிடம் எதையேனும் விட்டுச் சென்றனவா என்பது எனக்குத் தெரியாது. மருத்துவரும் தெரியாது என்றே சொல்கிறார்.